33ஆம் எண்ணின் நிறம்

லினக்ஸ் கணினியில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். வட்டில் இடம் குறைந்துவிட்டால் எச்சரிக்கை வரியை மஞ்சளில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. வரிக்கு முன்னால் எஸ்கேப் எழுத்து, ஒரு திறந்த சதுர அடைப்பு, 33 என்ற எண், சின்ன எம். வரி முடிந்ததும் அதே கோவை, 33 இருந்த இடத்தில் 0. எக்ஸ்டெர்ம் சாளரத்துக்குள் ஓட்டினால் எச்சரிக்கை மஞ்சளாக வருகிறது. அதே கணினியில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, சாளரம் ஏதுமில்லாத கறுப்புக் கன்சோலுக்குப் போய் ஓட்டினால், நிறப் பட்டியலில் யாரும் கைவைக்காத கன்சோலாக இருக்கும்பட்சத்தில், வரி பழுப்பாக வருகிறது. வெளிறிய மஞ்சள் என்று சமாதானம் சொல்ல முடியாத, மரப்பெட்டியின் பழுப்பு.

திரை அப்படி என்று விட்டுவிட முடியவில்லை. திரை ஒன்று, கணினி ஒன்று, ஸ்கிரிப்டும் ஒன்று. மாறியது அந்த எண்ணை வாங்கிப் படிக்கும் நிரல் மட்டும். ஆகவே எங்கோ ஒரு தாளில் 33 என்றால் மஞ்சள் என்று எழுதியிருக்க வேண்டும். வேறெங்கோ ஒருவர் அதைப் பழுப்பாக்கியிருக்க வேண்டும். இரண்டையும் தேடிப் புறப்பட்டேன்.

இந்த நிறக் குறிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் கைகாட்டுவது விடி100 டெர்மினலை. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978 ஆகஸ்டில் வெளியிட்டது. இன்று நாம் திறக்கும் டெர்மினல் சாளரம் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அளவில் அதைப் போல நடிக்கிறது என்பதால் சந்தேகம் அதன்மேல் விழுவது இயல்பு. அதன் பயனர் கையேடு ஸ்கேன் வடிவில் கிடைக்கிறது. அல் கோசோ திரட்டிய பிட்சேவர்ஸ் களஞ்சியத்தில் பழைய கணினி நிறுவனங்களின் கையேடுகள் பக்கம் பக்கமாகக் காக்கப்பட்டிருக்கின்றன. அந்த உழைப்பு இல்லையென்றால் இந்தத் தேடலை முதல் படியிலேயே கைவிட்டிருக்க வேண்டும். கையேட்டில் எம்மில் முடியும் கட்டளைக்கு ஐந்து எண்களே உண்டு. 0 எல்லாவற்றையும் அணைக்கும், 1 தடித்த எழுத்து, 4 அடிக்கோடு, 5 கண்சிமிட்டல், 7 எழுத்தும் பின்னணியும் இடம் மாறும். 30களில் ஓர் எண்கூட இல்லை. இருக்கவும் வழியில்லை. விடி100இன் படக்குழாய் ஒற்றை நிறக் குழாய்.

ஆனாலும் கையேடு வெறுங்கையோடு அனுப்பவில்லை. கோவையின் உடற்கூறு அதில் தெளிவாக இருக்கிறது. எஸ்கேப் எழுத்து, சதுர அடைப்பு, எண்கள், கடைசியில் கட்டளையைச் சொல்லும் ஓர் எழுத்து. அதற்கு முன்பு டெர்மினல் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் குறி வகுத்திருந்தார்கள். அதே நிறுவனத்தின் விடி52 எஸ்கேப்புக்குப் பின் ஒய் எழுத்தைப் போட்டு, அதன்பின் வரிசை, நெடுவரிசை சொல்லச் சொன்னது. லியர் சீக்லரின் ஏடிஎம்-3ஏ ஒய்க்குப் பதில் சமக்குறி கேட்டது. ஹேசல்டைன் 1500 எஸ்கேப்பே வேண்டாமென்று அலைக்குறியை வைத்துக்கொண்டது. இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கத்தான் பெர்க்லியில் பில் ஜாய் 1978இல் டெர்ம்கேப் என்ற பட்டியலை உருவாக்கினார்: எந்த டெர்மினலுக்கு எந்தக் குறி என்று. எஸ்கேப் எழுத்தின் வரலாறு இன்னும் பின்னால் போகிறது. ஐபிஎம்மில் இருந்த பாப் பெமர் 1960இல் முன்வைத்த யோசனை அது. இனி வருவதை எழுத்தாகக் கொள்ளாதே, கட்டளையாகக் கொள் என்று இயந்திரத்திடம் சொல்ல ஓர் அடையாளம். ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 27. எட்டின் அடிமானத்தில் எழுதினால் 033. ஸ்கிரிப்டுகளில் பின்சாய்கோட்டுக்கு அடுத்து நாம் தட்டும் 033 அதுதான்.

விடி100 வெளிவந்தபோது அது பின்பற்றிய அமெரிக்கத் தரநிலை இன்னும் ஏற்கப்படவில்லை. எக்ஸ்3.64 என்ற அந்த ஆவணம் 1979இல்தான் நிறைவேறியது. ஆன்சி நிறக் குறிகள் என்று நாம் சொல்லும் பெயர் அங்கிருந்து வந்தது. அமெரிக்க அரசு 1981இல் அதைத் தன் தரநிலைகளில் ஒன்றாகவும் ஏற்றது, பிறகு விலக்கிக்கொண்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கும் ஆவணம் அட்லாண்டிக்கின் மறுகரையில், ஜெனீவாவில் இருக்கிறது. 1961இல் தொடங்கிய ஐரோப்பியக் கணினி உற்பத்தியாளர் சங்கமான எக்மா வெளியிட்ட எக்மா-48. முதல் பதிப்பு 1976. பிறகு 1979, 1984, 1986. ஐந்தாம் பதிப்பு 1991 ஜூன். எக்மா தன் தரநிலைகளை யாருக்கும் காசு வாங்காமல் தருகிறது. இந்த ஒரு கொள்கைக்காகவே அந்த அமைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அது எவ்வளவு முக்கியம் என்பது இந்தக் கதையின் பின்பகுதியில் தெரியும்.

ஐந்தாம் பதிப்பில் 8.3.117ஆம் பிரிவு. எழுத்தின் தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை, முடிவெழுத்து எம். 1 தடித்த எழுத்து அல்லது கூடுதல் ஒளி. 3 சாய்வெழுத்து. 20 ஃப்ராக்டூர், அதாவது பழைய ஜெர்மானிய அச்செழுத்து. அதற்கும் ஓர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள். பிறகு நான் தேடிவந்த வரிசை: 30 கறுப்பு, 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம், 35 மெஜந்தா, 36 சயான், 37 வெள்ளை. பின்னணிக்கு 40 முதல் 47 வரை இதே வரிசை.

முதல் தாள் கிடைத்துவிட்டது. 33 என்றால் மஞ்சள். ஆனால் பிரிவின் மேலும் கீழும் எவ்வளவு தேடினாலும் எந்த மஞ்சள் என்பதற்கு விடை இல்லை. எலுமிச்சையா, பொன்னா, மங்கலா, பளிச்சென்றா? தரநிலை பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. நிறத்தின் அளவை டெர்மினல் செய்பவரிடம் விட்டிருக்கிறார்கள். என் ஸ்கிரிப்டில் நான் எழுதியது ஓர் எண். நிறத்தை எழுதுவதாக அதுவரை நினைத்திருந்தேன்.

வரிசையைக் கூர்ந்து பார்த்தேன். எட்டு நிறங்களுக்கு இந்த அடுக்கு எப்படி வந்தது? அகர வரிசை இல்லை, வானவில் வரிசையும் இல்லை. முதல் இலக்கமான 3ஐ நீக்கிவிட்டால் மிஞ்சுவது 0 முதல் 7 வரை. மூன்று பிட்டுகளில் அடங்கும் எண்கள். சிவப்பு 1, பச்சை 2, நீலம் 4. சிவப்பொளியும் பச்சையொளியும் சேர்ந்தால் மஞ்சள், 1ம் 2ம் சேர்ந்தால் 3. சிவப்பும் நீலமும் மெஜந்தா, 5. பச்சையும் நீலமும் சயான், 6. மூன்றும் எரிந்தால் வெள்ளை, 7. எதுவும் எரியாவிட்டால் கறுப்பு. வண்ணப் படக்குழாயின் மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகளுக்கு மூன்று சுவிட்சுகள். தரநிலை அதை விளக்கிச் சொல்லவில்லை, எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

இதே அடுக்கு இன்னோர் இடத்திலும் இருக்கிறது. பிபிசி 1974 செப்டம்பரில் சீஃபாக்ஸ் என்ற சேவையைத் தொடங்கியது. தொலைக்காட்சி அலையோடு எழுத்துப் பக்கங்களை அனுப்பி வீட்டுத் திரையில் செய்தி, வானிலை காட்டும் டெலிடெக்ஸ்ட். 1976இல் பிரிட்டன் அதற்கு ஒரு பொது விவரக்குறிப்பு வெளியிட்டது. அதில் எழுத்தின் நிறத்தை மாற்றும் குறிகள்: 1 சிவப்பு, 2 பச்சை, 3 மஞ்சள், 4 நீலம், 5 மெஜந்தா, 6 சயான், 7 வெள்ளை. அச்சு மாறாமல் அதே வரிசை. எக்மா-48இன் முதல் பதிப்பும் அதே ஆண்டு. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதினார்கள் என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று பொறியாளர்கள் சொல்லிப் பழகிய வரிசையில் முதலாவதை முதல் பிட்டில் வைத்தால் இருவருக்கும் இதுதான் வரும். எக்மா ஆவணங்கள் பிட்டுகளுக்கு 1, 2, 3 என்று பெயரிடும்போது மிகச் சிறிய மதிப்புள்ளதையே 1 என்கின்றன. அந்தக் கண்ணோடு பார்த்தால் சிவப்பு 1 ஆனது தற்செயலே இல்லை.

இனி பழுப்பு. லினக்ஸ் கன்சோல் ஐபிஎம் பிசியின் திரையைக் கையாளப் பிறந்தது. எனவே அடுத்த சாட்சி அந்த பிசிதான். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியோடு வெளியிட்ட தொழில்நுட்பக் கையேடு ஓர் அதிசயமான புத்தகம். சுற்று வரைபடங்கள், பயாஸ் நிரலின் முழுப் பட்டியல், எல்லாமே உள்ளே. சிஜிஏ என்ற வண்ண அட்டையைப் பற்றிய பகுதியில், ஒவ்வோர் எழுத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட் என்று வருகிறது. ஒன்றில் எழுத்து, அடுத்ததில் அதன் தோற்றம். ஒரு வரியில் 80 எழுத்து, 25 வரி, ஆக ஒரு திரைக்கு 4,000 பைட். தோற்ற பைட்டின் எட்டுக் கட்டங்களை இடமிருந்து வலமாக வரைந்திருக்கிறார்கள்: கண்சிமிட்டல், பின்னணிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், பிறகு ஒளிச்செறிவு, எழுத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம்.

சிவப்பு, பச்சை, நீலம். எக்மா சொன்ன அதே மூன்று, அதே வரிசை. ஆனால் பைட்டை எழுதும்போது பெரிய மதிப்பு இடப்பக்கம், சிறியது வலப்பக்கம். ஆகவே ஐபிஎம்மின் தாளில் கடைசியில் நிற்கும் நீலம் 1 ஆகிறது, பச்சை 2, சிவப்பு 4. ஒரே தெருவில் மூன்று வீடு. ஒருவர் கிழக்குக் கோடியிலிருந்து எண் போட்டார், மற்றவர் மேற்குக் கோடியிலிருந்து. நடுவீட்டுக்கு மட்டும் சிக்கலில்லை. மற்ற இரண்டு வீட்டுக்கும் தபால் மாறிப்போகிறது.

இரண்டு வழிகளும் சரி என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் நீலத்தை 1, சிவப்பை 2, பச்சையை 4 என்று வைத்தது. கறுப்புவெள்ளைத் தொலைக்காட்சியில் இணைத்தாலும் எண் கூடக்கூட எழுத்தின் வெளிச்சமும் படிப்படியாகக் கூடும். மூன்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். வாங்குபவர் வீட்டில் என்ன டிவி இருக்கும் என்று யோசித்துப் போட்ட எண்கள்.

எக்மாவும் ஐபிஎம்மும் மோதும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் லினக்ஸ் கெர்னலின் மூல நிரலுக்குப் போக வேண்டும். மெய்நிகர் கன்சோலைக் கையாளும் கோப்பில் நிறங்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது: 0, 4, 2, 6, 1, 5, 3, 7. அதைத் தொடர்ந்து இன்னும் எட்டு எண்கள், இதே அடுக்கில் எட்டெட்டுக் கூட்டியவை. பார்த்ததும் எனக்குப் பட்டென்று விளங்கியது. ஸ்கிரிப்ட் எக்மா மொழியில் 1 என்று சிவப்பைக் கேட்டால், அட்டவணையின் அந்த இடத்தில் 4 இருக்கிறது, ஐபிஎம் மொழியில் சிவப்பு. 4 என்று நீலம் கேட்டால் 1. பச்சையின் 2ம் மெஜந்தாவின் 5ம் மாறுவதில்லை; அவற்றின் பிட்டுகளை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. என் வழக்குக்குத் தேவையான வரி நான்காவது இடத்தில் இருந்தது. மஞ்சளின் 3 அங்கே 6 ஆகிறது.

ஒருமுறை கண்ணில் பட்டபின் இந்த இடமாற்றம் பல இடங்களில் தென்படத் தொடங்கியது. 1983இல் எம்எஸ்-டாஸ் 2.0வோடு வந்த ஆன்சி.சிஸ் இயக்கி எக்மா எண்களை வாங்கி ஐபிஎம் பைட்டில் வைக்க வேண்டியிருந்தது, அதற்கும் இதே வேலை. டெர்ம்கேப்புக்குப் பின் வந்த டெர்மின்ஃபோவில் எழுத்து நிறத்துக்கு இரண்டு தனித்தனிப் பதிவுகள்: செட்ஏஎஃப் என்றால் சிவப்பு 1, செட்எஃப் என்றால் சிவப்பு 4. ஒரே தரவுத்தளத்தில் இரண்டு எண் முறைகளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. விண்டோஸ் கன்சோல் ஐபிஎம் பக்கம் நின்றது. அதன் கட்டளை வரியில் கலர் கட்டளைக்கு 4 கொடுத்தால் சிவப்பு, 1 கொடுத்தால் நீலம். விண்டோஸ் 10இல், 2015க்குப் பிறகு, எஸ்கேப் கோவைகளை அது புரிந்துகொள்ளத் தொடங்கியபோது சிவப்புப் பிட்டையும் நீலப் பிட்டையும் மாற்றி வைக்கும் செயற்கூறுகள் அங்கும் தேவைப்பட்டன. மைக்ரோசாஃப்ட் 2019இல் அந்த நிரலைத் திறந்துவிட்டதால் யாரும் போய்ப் படித்துப் பார்க்கலாம்.

சரி, மஞ்சள் 6 ஆகிவிட்டது. ஐபிஎம்மின் 6 சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, அதுவும் மஞ்சள்தானே? ஒளிச்செறிவுப் பிட் அணைந்திருக்கும்போது சிஜிஏ அட்டையின் கணக்குப்படி அது மங்கிய மஞ்சள். இன்றைய 0 முதல் 255 வரையான அளவில் சொன்னால் சிவப்பு 170, பச்சை 170, நீலம் 0. பச்சையடித்த, அழுக்கேறியது போன்ற மஞ்சள். சில நிறுவனங்களின் திரைகளில் அப்படியேதான் தெரிந்தது. ஐபிஎம் 1983இல் தன் சொந்த வண்ணத் திரையான 5153ஐ வெளியிட்டபோது அதற்குள் ஒரு சிறு சுற்றைச் சேர்த்தது. சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்து, நீலமும் செறிவும் அணைந்திருக்கும் அந்த ஒரு சேர்க்கை வரும்போது மட்டும் பச்சையைப் பாதியாகக் குறைக்கும். 170, 85, 0. பழுப்பு.

அட்டைக்கு இது தெரியாது. அட்டை அனுப்புவது நான்கு கம்பிகளில் ஆம், இல்லை என்ற செய்தி மட்டும். முடிவு திரைப் பெட்டிக்குள் நிகழ்ந்தது. பதினாறு நிறங்களுக்குள் இரண்டு மஞ்சள்களை வைப்பதைவிட ஒரு மஞ்சளும் ஒரு பழுப்பும் வைப்பது ஓவியருக்கும் விளையாட்டு எழுதுபவருக்கும் நல்லது. மண், மரம், தோல் எல்லாவற்றுக்கும் பழுப்பு வேண்டும். நல்ல முடிவு அது. என் எச்சரிக்கை வரிக்கு மட்டும் ஒத்துவரவில்லை.

அந்தப் பழுப்பு 5153ஓடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. அடுத்த ஆண்டு, 1984இல், ஐபிஎம் இஜிஏ அட்டையைக் கொண்டுவந்தது. இதில் 64 நிறங்கள், அவற்றிலிருந்து 16ஐப் பொறுக்கி ஒரு தட்டில் வைக்கலாம். தொடக்கத்தில் தட்டில் இருப்பவை 0, 1, 2, 3, 4, 5, அடுத்து 20, அடுத்து 7. ஆறாம் இடத்தில் 6 இல்லை! கையேட்டின் பிட் விளக்கத்தை வைத்துப் பிரித்தால் 20 என்பது 4ம் 16ம்: பெரிய சிவப்பு, சின்னப் பச்சை. மூன்றில் இரண்டு பங்கு சிவப்பு, ஒரு பங்கு பச்சை. அதாவது 170, 85, 0. திரைக்குள் இருந்த சுற்றின் முடிவை ஐபிஎம் இப்போது அட்டைக்குள் எண்ணாக எழுதிவைத்துவிட்டது. 1987இல் விஜிஏ வந்தபோதும் எழுத்துத் திரையின் ஆறாம் நிறம் அதே பழுப்பு.

பிறகு அது கெர்னலுக்குள் வந்தது. நான் முன்பு சொன்ன எட்டெட்டு எண் அட்டவணைக்குக் கீழேயே, விஜிஏவும் அதற்கு மேற்பட்டவையுமான வண்ண அமைப்புகளுக்கு இயல்பு நிறங்கள் இவை என்ற குறிப்போடு மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. பச்சையின் பட்டியலில் மஞ்சளுக்குரிய இடத்தில் 170 இருக்க வேண்டும். இருப்பது 85. அதைக் கண்ட இரவில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை; 1983இல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் செய்த திருத்தம், அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் குப்பைக்குப் போய்விட்ட பிறகும், ஓர் இரட்டை இலக்க எண்ணாக உயிரோடு இருக்கிறது. எக்ஸ்டெர்ம் ஐபிஎம் திரைக்காகப் பிறந்ததில்லை. எக்ஸ் சாளர அமைப்பின் நிறப் பெயர்களிலிருந்து தன் மஞ்சளை எடுத்தது: 205, 205, 0. அதனால்தான் சாளரத்துக்குள் மஞ்சள், கன்சோலில் பழுப்பு.

இன்னொரு தடயமும் இதோடு சேர்ந்து அவிழ்ந்தது. க்ரெப் கட்டளை தேடிய சொல்லைச் சிவப்பாக்கிக் காட்டும்போது அதன் இயல்புக் குறி வெறும் 31 இல்லை, 01;31. எல்எஸ் கோப்புறைகளை 01;34 என்று காட்டுகிறது, இயங்கும் கோப்புகளை 01;32 என்று. எதற்கு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 1? எக்மா 1க்கு இரண்டு பொருள் தந்தது என்று மேலே எழுதினேன்: தடித்த எழுத்து அல்லது கூடுதல் ஒளி. பிசி அட்டையால் எழுத்தைத் தடிக்க வைக்க முடியாது, ஆனால் செறிவுப் பிட்டை ஏற்ற முடியும். எனவே கன்சோலில் 1;33 என்றால் 6 என்பது 14 ஆகி, பழுப்பு மறைந்து, 255, 255, 85 என்ற பளிச்சென்ற மஞ்சள் வரும். கறுப்புத் திரையில் படிக்கத்தக்க நிறம் வேண்டியவர்கள் அனைவரும் முன்னால் 1 போடப் பழகினார்கள் என்றே இதைப் படிக்கிறேன். எழுத்தை உண்மையிலேயே தடிக்க வைக்கும் இன்றைய டெர்மினல்களிலும் அந்த 1 தொடர்கிறது. பிரகாசமான நிறங்களுக்கென்றே 90 முதல் 97 வரை தனி எண்கள் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ்டெர்மில் வந்தன, எக்மாவின் பட்டியலில் அவை இல்லை. விண்டோஸின் பழைய மஞ்சள் 128, 128, 0. 2017இல் புதுப்பித்த பட்டியலில் 193, 156, 0. அதே சமயம் கறுப்பில் படிக்கவே முடியாதிருந்த 0, 0, 128 என்ற நீலத்தையும் 0, 55, 218 ஆக்கினார்கள்.

இதையெல்லாம் பார்த்தபின் ஸ்கிரிப்டில் நான் கோவையைக் கையால் எழுதுவதில்லை. டிபுட் கட்டளையிடம் செட்ஏஎஃப் 3 என்று கேட்கிறேன், டெர்மினலுக்கு ஏற்றதை அது தருகிறது. வெளியீடு திரைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று முதலில் சோதிக்கிறேன்; இல்லையென்றால் பதிவுக் கோப்பு முழுக்க எஸ்கேப் குப்பை சேரும். நோ_கலர் என்ற சூழல் மாறியை யாராவது வைத்திருந்தால் நிறமே காட்டுவதில்லை. எச்சரிக்கை என்ற சொல்லையும் வரியின் தொடக்கத்தில் அச்சிடுகிறேன். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத கண்களுக்கு நிறம் மட்டும் செய்தியாக இருக்கக் கூடாது.

எண்ணை விட்டுவிட்டு நிறத்தையே சொல்ல வழியில்லையா என்ற கேள்வி மிச்சமிருந்தது. 8.3.117க்குத் திரும்பினேன். 37க்கு அடுத்து 38: எதிர்காலத்துக்கு ஒதுக்கியது, ஐஎஸ்ஓ 8613-6இல் உள்ளபடி எழுத்து நிறத்தை அமைக்க. 48 பின்னணிக்கு. அந்த ஐஎஸ்ஓ ஆவணம் டெர்மினலைப் பற்றியதே இல்லை. அலுவலக ஆவணங்களைக் கணினிகளுக்கிடையே பரிமாறிக்கொள்ள வகுத்து, சந்தையில் எடுபடாமல் போன ஒரு பெரும் திட்டத்தின் ஒரு பகுதி. 38க்குப் பின் 2 என்றால் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை நேரடியாகச் சொல்லலாம். 5 என்றால் ஓர் அட்டவணையில் வரிசை எண்.

அதை வாங்கிப் படிக்கப் பணம் வேண்டும். இங்கேதான் கதை வலிக்கிறது. எக்ஸ்டெர்மில் 1999இல் டாட் லாரசன் 256 நிறங்களுக்கு வழி செய்தார்: பழைய 16, ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு படிகளாக 216, சாம்பலுக்கு 24. உள் எண்களைப் பிரிக்க அரைப்புள்ளி பயன்பட்டது. எக்ஸ்டெர்மை நெடுங்காலமாகப் பராமரித்துவரும் தாமஸ் டிக்கி இதன் காரணத்தை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்: மூல ஆவணத்தின் விலை அதிகம், கையில் இல்லை. அந்த ஆவணம் விரும்பியது முக்காற்புள்ளி. இலவசமாகக் கிடைத்த எக்மா-48இன் 5.4.2ஆம் பிரிவிலும், ஓர் எண்ணுக்குள் உட்பிரிவு வேண்டுமென்றால் முக்காற்புள்ளி போடலாம் என்ற குறிப்பு இருக்கிறது. ஆனால் 38க்குப் பின் என்ன எழுத வேண்டுமென்பது காசு கொடுத்து வாங்க வேண்டிய தாளில் இருந்தது.

வேறுபாடு அற்பமில்லை. எக்மாவில் அரைப்புள்ளிக்கு இருபுறமும் இருப்பவை தனித்தனிக் கட்டளைகள். 38 என்னவென்று தெரியாத பழைய டெர்மினலுக்கு 38;5;1 என்று அனுப்பினால் 38ஐத் தள்ளிவிட்டு, 5 என்று கண்சிமிட்டலையும் 1 என்று தடிப்பையும் ஏற்றிவிடும். அமைதியான ஒரு சிவப்பைக் கேட்டவரின் திரையில் எழுத்துகள் சிமிட்டிக்கொண்டிருக்கும். முக்காற்புள்ளி போட்டிருந்தால் முழுவதையும் ஒரே கட்டளையாக எண்ணித் தள்ளியிருக்கும். அதே உரை இன்று ஐடியூவின் டி.416 பரிந்துரையாக இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது. அது அன்றைக்கே திறந்த கதவாக இருந்திருந்தால் இந்த அரைப்புள்ளி உலகெங்கும் பரவியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். 2012இல் எக்ஸ்டெர்ம் முக்காற்புள்ளியையும் ஏற்கத் தொடங்கியது. அரைப்புள்ளியைக் கைவிட முடியவில்லை. அதற்குள் எத்தனையோ ஸ்கிரிப்டுகளில் அது ஏறிவிட்டது. இப்போது இரண்டையும் வாங்கிக்கொள்கிறது, ஒரு கோவையில் ஒருமுறை முக்காற்புள்ளி போட்டுவிட்டால் அந்த நிறம் முடியும்வரை முக்காற்புள்ளியே போட வேண்டும் என்ற விதியோடு.